பதினேழாம் மேசைக் குண்டூசி

மருத்துவக் கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். உடற்கூறு கூடத்தில் படித்தவர்கள், படிப்பவர்கள், பாதியில் ஓடிப்போனவர்கள் எல்லோருக்கும் அவள் குண்டூசியக்கா.

பெயர் வந்த கதை எளிது. செய்முறைத் தேர்வு நாட்களில் மேசைக்கு ஒன்றாக மூளை, இதயம், ஈரல் என்று வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தில் சின்னக் காகிதக் கொடி ஒட்டிய குண்டூசியைக் குத்தி வைப்பார்கள். மாணவர்கள் மேசைக்கு ஒருவராக நின்று, குண்டூசி நிற்கும் பகுதியின் பெயரைத் தாளில் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். அந்தக் குண்டூசிகளுக்குக் கொடி ஒட்டுவது, எண் எழுதுவது, துருப்பிடிக்காமல் டப்பாவில் பாதுகாப்பது எல்லாம் அக்காவின் வேலை. குத்துவது மட்டும் டாக்டர்களின் வேலை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அக்கா வைத்துக்கொள்ளவில்லை.

இருபத்து நாலு வயதில் கூடத்தைப் பெருக்கத்தான் வந்தாள். வந்த மூன்றாம் நாள் உதவியாளர் விடுப்பு. உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் பார்மலின் திரவத் தொட்டியிலிருந்து ஒரு மூளையை எடுத்துத் தர ஆள் இல்லாமல் பேராசிரியர் தவித்துக்கொண்டிருந்தார். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, முட்டைக்கோசை எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுத்து மேசையில் வைத்தாள்.

"சார், இவரு யாரு?" என்று கேட்டாள்.

"இது மூளைம்மா."

"மூளைன்னு தெரியுது சார். யாரோடதுன்னு கேட்டேன்."

பேராசிரியர் தட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். அதில் ஒரு எண் மட்டும் இருந்தது. அவ்வளவுதான் பதில். ஆனால் கேள்வி அவளை விடவில்லை. முப்பது வருடத்தில் எத்தனையோ மூளைகளைக் கழுவி, ஈரத்துணி போர்த்தி, தொட்டியில் இறக்கியிருக்கிறாள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது ஒரு தடவை உற்றுப் பார்ப்பாள். இது கோபக்காரருடையதா? ராத்திரி பகலாகப் பாடிக்கொண்டே இருந்தவருடையதா? எந்த மடிப்பும் வாய் திறந்ததில்லை. "கஞ்சனோடதும் அதே கனம்தான், வாரி இறைச்சவனோடதும் அதே கனம்தான்" என்று வீட்டில் வந்து அலுத்துக்கொள்வாள்.

வீட்டில் கேட்க ஒரு ஆள் இருந்தார். அவள் கணவர் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுபவர். நாள் முழுக்க ஏறி இறங்கியும் எங்கேயும் போய்ச் சேராத மனிதர் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார்.

"இத்தன வருஷமா மூளையோட புழங்குற, வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டு வரக்கூடாதா?"

"கொண்டு வரலாம். வைக்க உங்க தலையில இடம் வேணுமே. உள்ள லிஃப்ட்தான ஓடிக்கிட்டிருக்கு."

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் மூளையின் வரைபடத்தைக் காதால் படித்தாள். மாணவர்கள் உருப்போடுவதையும் பேராசிரியர்கள் விளக்குவதையும் தரையைத் துடைத்தபடியே கேட்டுக் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டாள். நீளமான பெயர்கள் நாக்கில் நிற்காதபோது, வகுப்பில் சொன்ன உவமையே அவளுக்குப் பெயரானது. பயத்துக்கும் பதற்றத்துக்கும் பொறுப்பான அமிக்டலா அவளுக்குப் பாதாம், ஏனென்றால் அது பாதாம்பருப்பு வடிவில் இருக்கும். அதற்குப் பின்னாலேயே ஒட்டினாற்போல் படுத்திருக்கும் ஹிப்போகேம்பஸ் கடல்குதிரை. புது நினைவுகள் பதிவாவதற்கு அது வேண்டும் என்று சொல்வார்கள்.

கூடத்துக்கு வந்து ஏழெட்டு வருடம் ஆனபோதுதான் அந்தப் பழக்கம் தொடங்கியது. அன்று துறைத் தலைவராக இருந்த பெரிய டாக்டர் தேர்வுக்கு முந்தின மாலையே குண்டூசிகளைக் குத்திவிட்டுப் போய்விடுவார். கண்ணாடியை வீட்டில் மறப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காலையில் துணியை விலக்கிய அக்கா, ஒரு கொடி தப்பான மடிப்பில் நிற்பதைப் பார்த்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு நெல்லளவு நகர்த்தி வைத்தாள். தேர்வு ஒழுங்காக நடந்தது. யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது.

அதன் பிறகு வருடத்துக்கு மூன்று, நான்கு. சுவரில் படம் சாய்ந்திருந்தால் போகிற போக்கில் நிமிர்த்திவிட்டுப் போவதில்லையா, அப்படித்தான் அவள் நினைத்தாள். டாக்டரிடம் போய் நீங்கள் குத்தியது தப்பு என்று சொல்ல முடியுமா? கை சொல்லிவிட்டுப் போகட்டும், வாய் எதற்கு என்று இருந்துவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் தேசிய மூளை அறிவியல் போட்டி அந்தக் கல்லூரிக்கு வந்தது. வருடா வருடம் வரும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான போட்டி. நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் தங்கள் வட்டாரத்தில் ஜெயித்த பிள்ளைகள் நாற்பது பேர் வருவார்கள். காலையில் எழுத்துத் தேர்வு. பிறகு உடற்கூறு கூடத்தில் இருபது மேசைகளுடன் செய்முறைச் சுற்று. இரண்டையும் கூட்டி முதல் பத்து பேர் மாலையில் இறுதிச் சுற்றுக்கு மேடையேறுவார்கள். அத்தனை அழகான பிள்ளைகள், பல்லில் கம்பியும் முகத்தில் பருவுமாக, நரம்பு மண்டலத்தை வாயில் போட்டு மென்றுகொண்டு நிற்பதைப் பார்க்க அக்காவுக்குப் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வருவாள்.

இந்த வருடம் பொறுப்பு புது டாக்டருக்கு. முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, வேகமான நடை, எதையும் மூன்று தடவை சரிபார்ப்பவர். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டாலும் நடுவராக வந்திருந்தார். இருபது குண்டூசிகளையும் புது டாக்டர் அன்று காலையில்தான் தன் கையால் குத்தினார். முதல் குழு உள்ளே வரும்வரை கூடத்தை விட்டு நகரவும் இல்லை.

செய்முறைச் சுற்றுக்கு முன்னால் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வாசலருகே ஒரு மூளையைத் தனியாக வைத்திருந்தார்கள். அக்கா கையுறை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் எடை கேட்டான். இன்னொருவன் விரலால் அமுக்கிப் பார்த்து, ரப்பர் மாதிரி இருக்கிறதே என்று ஏமாந்தான். கடைசியாக ஒரு நெட்டைப் பெண் வந்தாள். உயரத்தைக் குறைக்கவோ என்னவோ, முழங்காலை மடக்கி, கண்ணை மூளைக்கு நேராக வைத்துப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவங்க யாரு?"

அக்காவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட இரண்டாவது ஆள் இந்தப் பெண். முதல் ஆள் அவளேதான்.

"தெரியாதும்மா. நம்பர் மட்டும்தான் இருக்கு."

"பாத்தா ஒண்ணுமே கண்டுபிடிக்க முடியாதா? எப்படிப்பட்டவங்கன்னு?"

"நானும் முப்பது வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள். நெட்டைப் பெண் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது குழுவின் வரிசையில் போய் நின்றாள்.

முதல் குழு இருபது பேரும் முடித்து வெளியேறினார்கள். நடுவே பத்து நிமிட இடைவேளை. புது டாக்டர் தாள்களை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். மூளைகள் காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளிக்க வேண்டியது அக்கா. தெளித்துக்கொண்டே வந்தவள் பதினேழாம் மேசையில் நின்றாள்.

அது நெடுக்காக வெட்டிய பழைய துண்டு. வருடா வருடம் போட்டிக்கு வரும், வருடா வருடம் குண்டூசி பாதாமில்தான் நிற்கும். இன்றைக்குக் கொடி அரை விரல் தள்ளி, கடல்குதிரையின் தலையில் நின்றது.

ஐயோ, பிள்ளைகள் யாராவது தட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க விரும்பினாளா என்பது வேறு விஷயம். குண்டூசி கொஞ்சமும் சாயாமல் நேராகத்தான் நின்றது. சாய்ந்திருந்ததாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தட்டிவிடவில்லையென்றால் புது டாக்டர் தவறிவிட்டார், பாவம், முதல் வருடம்தானே. பிடுங்கினாள், அரை விரல் முன்னால் தள்ளிப் பாதாமில் குத்தினாள். பக்கத்து அறையின் கதவு பத்தடி தூரத்தில் திறந்தே கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரண்டாவது குழு வந்தது. நெட்டைப் பெண் பதினேழாம் மேசையில் முழங்காலை மடக்கி, குண்டூசி இறங்கும் இடத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்த்து, நிமிர்ந்து எழுதியதை அக்கா பார்த்தாள். மணி அடித்தது. சுற்று முடிந்ததும் வழக்கம்போல ஐந்தே நிமிடத்தில் இருபது குண்டூசிகளையும் பிடுங்கி டப்பாவில் போட்டு, மூளைகளைத் தொட்டியில் இறக்கிவிட்டாள். அந்தச் சுறுசுறுப்புக்காகப் பாராட்டுக்கூட வாங்கியிருக்கிறாள்.

மதியம் பலகையில் மேடைக்குத் தேர்வான பத்து பேரின் எண்களை ஒட்டினார்கள். பக்கத்தில் சரியான விடைகளின் பட்டியல். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் காதில் யாரோ அதை உரக்க வாசிப்பது விழுந்தது. "பதினேழு, ஹிப்போகேம்பஸ்." துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்ப் பலகையில் அந்த வரியைத் தானே பார்த்தாள்.

முறையீடு செய்ய அரை மணி நேரம் கொடுப்பார்கள். வந்தது ஒரே ஒரு ஆள்தான். நெட்டைப் பெண். பதினோராம் இடம், ஒரே ஒரு மதிப்பெண்ணில் மேடை போயிருந்தது.

"மேடம், பதினேழுல குண்டூசி அமிக்டலாவுலதான் இருந்துச்சு. நான் பக்கத்துல குனிஞ்சு பாத்தேன்."

"நானே குத்தினதும்மா. மூணு தடவ செக் பண்ணினேன்," என்றார் புது டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துவரச் சொல்லி, விளக்குக்குக் கீழே வைத்துப் பார்க்கவும் பார்த்தார். வருடக்கணக்கில் குத்துப்பட்ட துண்டு அது. பாதாமிலும் ஓட்டை, கடல்குதிரையிலும் ஓட்டை, சல்லடையாகக் கிடந்தது.

"இந்த ஆன்ட்டி அங்கேயேதான் இருந்தாங்க மேடம். அவங்கள கேளுங்க."

புது டாக்டர் திரும்பினார். "அக்கா, பதினேழுல குண்டூசி நகர்ந்துச்சா?"

அக்காவின் முப்பது வருட நல்ல பெயர் கண்முன்னால் நின்றது.

"குண்டூசி தானா எப்படி மேடம் நகரும்?" என்றாள்.

சொன்னதில் பொய் ஒரு சொட்டு இல்லை. உண்மையும் இல்லை. நெட்டைப் பெண் அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அக்கா துடைப்பானை எடுத்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். நம்மை யார் கேட்கப் போகிறார்கள், ஒரு மதிப்பெண்தானே, அந்தப் பெண் அடுத்த வருடம் வந்து ஜெயித்துக்கொள்ளட்டும் என்று மனசு வக்காலத்து வாங்கியது. அழுக்குத் தண்ணீரைக் கொட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். படிக்கட்டில் நெட்டைப் பெண்ணும் அவள் அப்பாவும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"விடும்மா. இவ்ளோ தூரம் வந்ததே பெருசு."

"இது கடைசி வருஷம்ப்பா. அடுத்த வருஷம் ஸ்கூல்லயே இருக்க மாட்டேன்." பிறகு சின்னக் குரலில் சொன்னாள்: "ஒருவேளை நான்தான் தப்பா பாத்துட்டேன் போல. பாத்த மாதிரி எனக்கே தோணியிருக்கும்."

தோற்றுப்போனதற்காக அந்தப் பெண் அழுதிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை. குனிந்து, பார்த்து, சரியாக எழுதின பிள்ளை, இப்போது தன் கண்ணையே சந்தேகப்படுகிறது. அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாளியை அங்கேயே வைத்தாள்.

நடுவர் அறையில் பெரிய டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். புது டாக்டர் மேடைச் சுற்றுக்கான கேள்விகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம், பதினேழு நகரல. நான்தான் நகர்த்தினேன்."

புது டாக்டருக்கு முதலில் புரியவில்லை. "என்னது?"

"இடைவேளையில. ரெண்டாவது குரூப் வர்றதுக்கு முன்னால. நீங்க மாத்திக் குத்திட்டீங்கன்னு நெனச்சு, வழக்கமான எடத்துல எடுத்துக் குத்தினேன். அந்தப் பொண்ணு பாத்தது சரி. நான் சொன்னதுதான் சரியில்ல."

பெரிய டாக்டர் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார். "வழக்கமான எடம்னா? இதுக்கு முன்னாடியும் நகர்த்தியிருக்கீங்களா?"

"உங்களோடது வருஷத்துக்கு மூணு, நாலு இருக்கும் சார். கண்ணாடி மறந்த வருஷம் ஆறு."

பெரிய டாக்டர் கோப்பையைச் சாஸரில் வைத்தார். "என் பரீட்சையில குண்டூசி பத்தி ஒரு புகார்கூட வந்ததில்லன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே!" என்றார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

புது டாக்டருக்குத் தெரிந்திருந்தது. அவர் முகம் சிவந்துபோயிருந்தது. "நான் வேணும்னுதான் அக்கா எடத்த மாத்தினேன். எல்லா வருஷமும் அமிக்டலாதான்னு பழைய படத்த மனப்பாடம் பண்ணிக்கிட்டு வர்றாங்க. பாத்து எழுதறவங்க யாருன்னு தெரியணும்னு மாத்தினேன்." பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "நீங்களும் பாக்கல. மனப்பாடமா இருந்தத வச்சுதான் குத்தினீங்க."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. யாரும் பார்க்காததைத் தான் பார்க்கிறோம் என்ற ஒரே ஒரு பெருமைதான் அவளிடம் இருந்தது, அதுவும் போயிற்று.

இரண்டாவது குழுவின் தாள்களை மறுபடி எடுத்தார்கள். இருபது பேரில் பதினைந்து பேர் அமிக்டலா என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் அந்தக் குழு பார்த்த இடமே விடை என்று முடிவானது. பதினைந்து பேருக்கு ஒரு மதிப்பெண் ஏறியது, கடல்குதிரை என்று எழுதித் தப்பித்த சிலருக்கு இறங்கியது. பத்தாம் இடத்தில் இருந்த முதல் குழுப் பையனும் நெட்டைப் பெண்ணும் சமமாக வந்தார்கள். உட்கார்ந்தவனை எழுப்ப மனமில்லாமல் மேடையில் பதினோராவது நாற்காலி போட்டார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது அக்காதான்.

நெட்டைப் பெண் கோப்பை எதையும் வெல்லவில்லை. ஆறாவதாக வந்தாள். கிளம்பும் முன் அப்பாவை வாசலில் நிறுத்திவிட்டுக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சொல்லாமலே இருந்திருக்கலாமே ஆன்ட்டி. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"நீ பாத்தத பாக்கலன்னு நீயே நம்ப ஆரம்பிச்சிட்டயே. அதான் பொறுக்கல."

அந்தப் பெண் தலையாட்டினாள். போகிற வழியில் வாசல் மேசையில் இருந்த மூளைப் பக்கம் மறுபடி குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அக்காவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஆறு மாதம் உடற்கூறு கூடத்துக்குள் நுழையக்கூடாது என்று உத்தரவு. நூலகத்தில் புத்தகங்களுக்குத் தூசி தட்டினாள். பார்மலின் நெடி இல்லாமல் தும்மல்கூட வரமாட்டேன் என்கிறது என்று வீட்டில் புலம்பினாள். லிஃப்ட்காரர் அந்த ஆறு மாதமும் மூளை பற்றிய கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. அவர் பாசத்தைக் காட்டும் விதம் அது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, குண்டூசி டப்பா அலமாரியில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. கொடி ஒட்டினாள், எண் எழுதினாள். குத்தியிருந்த எதையும் தொடவில்லை.

அடுத்த வருடப் போட்டியின் காலை. புது டாக்டர் இருபது குண்டூசிகளையும் குத்தி முடித்தார். பிள்ளைகள் வர இன்னும் நேரம் இருந்தது.

"அக்கா, இங்க வாங்க. ஒவ்வொரு மேசையா பாத்துக்கிட்டு வாங்க."

அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் மேடம். நான் எதுக்கு?"

"கைய அப்படியே பின்னாடியே வச்சுக்கங்க. வாயால சொல்லுங்க."

ஒன்று, இரண்டு, மூன்று என்று நடந்தாள். இந்தத் தடவை எந்தத் துண்டையும் பழைய பழக்கத்தில் பார்க்கவில்லை. நெட்டைப் பெண் செய்த மாதிரி முழங்காலை மடக்கி, வலியைப் பொறுத்துக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்தாள். பதினேழாம் மேசையில் கடல்குதிரை, சரி. பத்தொன்பதாம் மேசையில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் கட்டிய விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தன.

"மேடம்," என்றாள். குரல் தனக்கே கேட்காத அளவுக்கு இருந்ததால் இன்னொரு தடவை சொன்னாள். "மேடம், இது தப்புன்னு தோணுது."

புது டாக்டர் வந்து பக்கத்தில் குனிந்தார். குண்டூசியைப் பார்த்தார். தன் பட்டியலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"எதனால அப்படிச் சொல்றீங்க?"

முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கூடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அக்காவுக்குக் கண் கலங்கியது, பார்மலின் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைகளைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள்.